போவே!

தென்னாப்பிரிக்கா போய் வந்தவனிடம் பாளையங்கோட்டையில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “சிங்கம் பாத்தீராவே?”

பார்த்தேன். ரோட்டோரப் புதர் நிழலில் நாலு காலையும் பரப்பிப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. இருபது கார்கள் சுற்றி நின்றன. கால் மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை காதை ஆட்டியது. அவ்வளவுதான் சிங்கம். நான் சொல்ல வந்தது வேறு. உடம்பு முழுக்க அடுப்புச் சாம்பல் நிறம், எண்ணெய் காணாத பரட்டைக் கொண்டை, மூக்கடைத்த குரல். இப்படி ஒரு பறவை அந்த ஊரில் இருக்கிறது. மூன்று வாரமும் அதன் பின்னாலேயே அலைந்தேன். கேமராவில் எடுத்த 1,100 படங்களில் பாதிக்கு மேல் அதுதான். அக்கா வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

முதன்முதலில் அதைக் கேட்டதுதான், பார்த்தது பிறகு. ஜோஹன்னஸ்பர்க்கில் அக்கா வீட்டில் இறங்கிய மறுநாள் காலை, செப்டம்பர் மாதக் குளிர், போர்வைக்குள் கிடக்கிறேன். வெளியே மதில்மேலிருந்து யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள். “க்வேஏஏ…” சந்தேகமே இல்லை, எங்கள் ஊர் ‘வே’. நெல்லைச் சீமைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களுக்கு ‘வே’ என்றால் அதில் மரியாதையும் உண்டு, உரிமையும் உண்டு, கொஞ்சம் எரிச்சலும் உண்டு. “என்னவே”, “வாரும்வே”, “சும்மா இரும்வே”. ஆறு வருடமாக அந்த நாட்டில் இருக்கும் அத்தானுக்குப் பக்கத்து வீட்டில் நம்மூர்க்காரர் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஜன்னல் திரையை விலக்கினேன். மதில்மேல் அது உட்கார்ந்திருந்தது. காக்கையைவிட நீளம், அரை மீட்டர் இருக்கும். அதில் பாதி வால். என்னைப் பார்த்ததும் கொண்டையை விறைப்பாக நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, மறுபடி ஒரு “க்வே”.

“எலே, எந்திச்சிட்டியா? அந்தச் சவத்து மூதிங்கள வெரட்டு. என் கீரையை ஒண்ணும் விட்டு வைக்காதுங்க” என்று அடுக்களையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

பெயரை அத்தான்தான் சொன்னார். ‘கிரே கோ-அவே பேர்ட்’. வெள்ளைக்காரன் காதில் அந்தக் குரல் ‘கோ-அவே’ என்று விழுந்திருக்கிறது. போய்விடு என்று துரத்துகிறதாம். ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர்கள் சுருக்கமாகக் ‘க்வே’ பறவை என்கிறார்கள். பழைய ஆட்கள் இன்னும் ‘கிரே லூரி’ என்பார்கள். 1833-இல் இதை முதன்முதலாக விவரித்து எழுதிய ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் வைத்த அறிவியல் பெயரில் ‘கான்கலர்’ என்ற சொல் வருகிறது. ஒரே நிறம் என்று அர்த்தம். அந்த மனிதருக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை போலிருக்கிறது.

உண்மையில் அந்த ஒரே நிறம்தான் எனக்கு முதல் ஆச்சரியம். ஏனென்றால் இதன் குடும்பத்தைப் பாருங்கள். டுராக்கோக்கள் என்று பெயர். ஆப்பிரிக்கா தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. மொத்தம் இருபத்துச் சொச்சம் இனங்கள். அதில் பெரும்பாலானவை கல்யாண வீட்டுப் பட்டுச்சேலை மாதிரி பச்சையும் ஊதாவும் செந்தூரமுமாக மின்னுகிறவை. ஊதாக் கொண்டை டுராக்கோவின் சிவப்பு இறகை எஸ்வாட்டினி நாட்டு அரச குடும்பத்தார் தலையில் சூடிக்கொள்கிறார்கள். அந்தச் சிவப்பின் கதையே தனி. 1869-இல் ஆர்தர் ஹெர்பர்ட் சர்ச் என்ற வேதியியலாளர் அந்த இறகுச் சாயத்தைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே செம்பு இருந்தது. ஆமாம், நம் வீட்டுக் குடத்துச் செம்பு. டுராசின் என்று அதற்குப் பெயர் வைத்தார். சோப்புத் தண்ணீர் போலக் காரத்தன்மையுள்ள நீரில் அந்தச் சிவப்பு கரைந்தும் விடும். பச்சை இறகிலும் செம்புதான். வேறு பறவைகளில் நாம் பார்க்கும் பச்சையில் பாதி, ஒளி இறகில் பட்டுச் சிதறுவதால் வரும் மாயம். இந்தக் குடும்பத்திலோ அது அசல் பச்சைச் சாயம்.

இவ்வளவு சொத்துள்ள குடும்பத்தில் பிறந்துவிட்டு, நம் ஆள் ஒரு குண்டுமணிச் செம்புகூட வாங்கிக்கொள்ளவில்லை! அண்ணன் தம்பிமார் எல்லாம் நீர்வளமான அடர்ந்த காட்டுக்குள் மினுக்கிக்கொண்டிருக்க, இதுவோ முள்மரமும் காய்ந்த புல்லுமான வெட்டவெளி சவானாவுக்குக் குடிவந்து, சாம்பலைப் பூசிக்கொண்டு பண்டாரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. செப்டம்பர் மாதத்து இலையற்ற முள்மரத்தில் அது அசையாமல் இருந்தால், பத்தடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. அசையாமல், சத்தம் போடாமல் இருந்தால்தானே! அதுதான் அதற்கு முடியவே முடியாது.

குடும்பத்தின் அறிவியல் பெயருக்கு ‘வாழை தின்னி’ என்று பொருள். இதைக் கேட்டதும் அக்காவிடம் சொல்லாமல் ஒரு வாழைப்பழத்தை உரித்து, அரை ஆப்பிள் துண்டையும் பக்கத்தில் வைத்து மதில்மேல் வைத்தேன். மூன்று பேர் வந்தார்கள். வாழைப்பழத்தை ஒன்று தலையைச் சாய்த்துப் பார்த்தது, கொண்டையை ஏற்றி இறக்கியது, பிறகு தாண்டிப் போய் ஆப்பிளைக் கொத்தியது. பெயர் வைத்தவர்கள் காட்டில் கேட்டுவிட்டு வைத்திருக்கலாம். முள்காட்டில் வாழை ஏது? அத்தி, காட்டு இலந்தை வகைகள், கருங்காலியின் உறவான ஜக்கல்பெர்ரி, மரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவிப் பழம் எல்லாம் அதன் சாப்பாடு. பழம் இல்லாத நாளில் மொட்டு, பூ, தேன், தளிர், பச்சை நெற்று. எப்போதாவது கறையான். பறவைகளில் பச்சை இலையை இப்படி விரும்பித் தின்கிறவை குறைவு. அக்காவின் வெந்தயக்கீரைப் பாத்தி பதினோரு நாள் பயிராக இருந்தபோது, அரை மணி நேரத்தில் அதைச் சிகைக்காய் போட்டுக் கழுவிய தரை மாதிரி ஆக்கிவிட்டுப் போனார்கள். எனக்கு வாய்விட்டுச் சிரிக்கவும் முடியவில்லை, துக்கம் விசாரிக்கவும் முடியவில்லை.

ஜோஹன்னஸ்பர்க் அதற்குச் சொந்த ஊர் இல்லை என்பதும் ஒரு வேடிக்கை. 1886-இல் தங்கம் கிடைத்து ஊர் உண்டாவதற்கு முன்னால் அது மரமே அபூர்வமான மேட்டுப் புல்வெளி. வந்து குடியேறியவர்கள் வீதிக்கு வீதி, தோட்டத்துக்குத் தோட்டம் மரம் நட்டார்கள். மரம் வளர்ந்து, பழமும் குளிக்கத் தொட்டியும் கிடைக்கிறது என்று தெரிந்ததும் கீழே புதர்க்காட்டில் இருந்த நம் ஆள் மேலே ஏறி வந்துவிட்டது. பிழைக்க வந்த ஊரில் அத்தானும் அதுவும் ஒரே மதிலைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

சொந்த ஊரில் அதைப் பார்க்க வேண்டும் என்று நான் பிடித்த பிடியில்தான் க்ரூகர் தேசியப் பூங்காவில் லெட்டாபா முகாமுக்குப் போனோம். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர். பூங்காவுக்குள் தார் ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, கண்ட இடத்தில் காரைவிட்டு இறங்கக் கூடாது, மாலை ஆறு மணிக்குள் முகாம் வேலிக்குள் வந்துவிட வேண்டும். அத்தானுக்குச் சிங்கம், சிறுத்தை முதலான ஐந்து பெரிய மிருகங்களையும் பார்த்துப் பட்டியலில் டிக் அடிக்க வேண்டும் என்று ஆசை. எனக்கு லெட்டாபா போதும். ஏனென்றால் அங்கே ஆற்றங்கரையில் அத்திமரங்கள் இருக்கின்றன.

அந்த அத்திமரத்தைப் பற்றி நான் நாலு வரி எழுதாவிட்டால் பாவம். நம்மூர் அத்தியின் ஒன்றுவிட்ட தங்கை. அதே மாதிரி அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கொத்துக்கொத்தாகக் காய்ப்பு. பட்டை மட்டும் மஞ்சளோடிய வெளுப்பு, மாலை வெயிலில் பொன் பூசியது மாதிரி இருக்கும். ஊரே காய்ந்து கிடக்கும் செப்டம்பரில் அந்த ஒரு மரம் மட்டும் அன்னதானச் சத்திரம். பச்சைப் புறாக்கள் ஒரு கிளை, பழுப்புத்தலைக் கிளிகள் ஒரு கிளை, குக்குறுவான்கள் ஒரு கிளை. கீழே விழுகிற பழத்துக்கு, வேலிக்குள்ளேயே வீட்டு ஆடு மாதிரி உலாவும் புஷ்பக் என்ற புள்ளி விழுந்த மான். எல்லோருக்கும் மேலே, உச்சாணியில், சத்திரத்து மணியகாரர் தோரணையில் எங்கள் சாம்பல்காரர்கள் ஏழு பேர். அத்தி பூத்தாற்போல அபூர்வமாகத் தென்படும் பறவை இல்லை இது. அத்தி காய்த்த இடத்திலெல்லாம் இருக்கும். அதனாலேயே அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பச்சைப் புறாவைப் படம் எடுக்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் நடுவில் இது வந்து உட்கார்ந்ததும் அலுத்துக்கொண்டு கேமராவை இறக்கினார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன்.

பறக்கும்போது பார்த்தால் ரொம்பவும் சுமாரான ஆள்தான், மறைக்க மாட்டேன். நாலு அடி அடித்து, கொஞ்சம் மிதந்து, மறுபடி நாலு அடி அடித்து, எப்படியோ அடுத்த மரத்தின் கீழ்க்கிளையில் போய் மோதாத குறையாக இறங்கும். ஆனால் மரத்துக்குள் கால் வைத்துவிட்டால்! முண்டந்துறையில் மலையணில் கிளைக்குக் கிளை ஓடுவதைப் பார்த்தவர்கள் அதற்கு இறகு முளைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிறது, தாவுகிறது, தலைகீழாக எட்டிப் பழத்தைப் பறிக்கிறது, அந்த நீள வாலைத் துடுப்பு மாதிரி அங்கே இங்கே போட்டுச் சமாளிக்கிறது. ரகசியம் காலில் இருக்கிறது. வெளிவிரலை முன்னாலும் திருப்பிக்கொள்ளலாம், பின்னாலும் திருப்பிக்கொள்ளலாம். கிளைக்கு ஏற்றபடி பிடி. பழத்தைக் கொத்திக் கொத்திச் சிந்துவதெல்லாம் கிடையாது. சின்னதாக இருந்தால் அப்படியே விழுங்கல். விதை எங்கோ ஒரு முள்மரத்தடியில் எச்சத்தோடு போய் விழும். அடுத்த அத்தி அங்கே முளைத்தாலும் முளைக்கும்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவர்கள் கூட்டம் தொடங்கும். வட்டக் குடிசை மாதிரிக் கட்டிய எங்கள் அறைக்கு நேர் மேலே. ஒன்று “க்வே” என்றால் ஆற்றின் மறுகரையிலிருந்து இன்னொன்று “க்வேஏ”. முந்திய நாள் முழுக்கக் கார் ஓட்டிய அத்தான் தலையணையைக் காதில் அமுக்கிப் பார்த்தார். முடியவில்லை. கதவைத் திறந்து, லுங்கியோடு வாசலில் நின்று, மேலே பார்த்து ஒரு அதட்டுப் போட்டார்: “போவே!”

பறவை உடனே திருப்பிச் சொன்னது: “க்வே!”

நான் படுக்கையில் உருண்டு உருண்டு சிரித்தேன். ‘கோ-அவே’ என்பதற்கு எங்கள் ஊர்த் தமிழ் ‘போவே’தான், அர்த்தமும் அதே, ஓசையும் ஏறக்குறைய அதே! ஆங்கிலேயனும் ஆஃப்ரிகான்ஸ்காரனும் தங்கள் தங்கள் காதுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். திருநெல்வேலிக்காரன் வந்து வைக்கத் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான். அன்று காலையிலிருந்து அது எங்களுக்குப் போவேப் பறவை.

தண்ணீர் குடிக்க அது இறங்குகிற அழகை மட்டும் தனியாக ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். பழமும் இலையும் தின்றாலும் அதற்குத் தண்ணீர் வேண்டும், அடிக்கடி வேண்டும். முகாமில் மரத்தடியில் ஒரு கல்தொட்டி. மதியம் வெயில் ஏறியதும் ஏழு பேரும் தொட்டிக்கு மேலுள்ள மரத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனால் இறங்க வேண்டுமே! உச்சிக்கிளையில் பத்து நிமிடம் ஆலோசனை. ஒருவர் ஒரு கிளை கீழே. உடனே மற்ற ஆறு பேரும் கொண்டையைத் தூக்கி எட்டிப் பார்க்கிறார்கள். பிறகு இன்னொரு கிளை. கடைசிக் கிளைக்கு வந்தவர் தண்ணீரைப் பார்க்கிறார், வானத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், ஒரு “க்வே” போட்டுவிட்டு மறுபடி உச்சிக்கே போய்விடுகிறார். மற்றவர்களும் பின்னாலேயே. எல்லாம் முதலிலிருந்து. பந்தியில் முதல் இலையில் உட்காரக் கூச்சப்படும் சம்பந்தி வீட்டார் மாதிரி. முப்பத்தைந்து நிமிடம் கழித்து ஒருவர் துணிந்து தொட்டி விளிம்பில் குதித்தார். அடுத்த நொடி ஏழும் விழுந்தடித்துக்கொண்டு சுற்றி நின்றன.

இந்தப் பயத்துக்கும் எச்சரிக்கைக்கும் காட்டில் மதிப்பு உண்டு. மூன்றாம் நாள் காலை ஆற்றோரச் செம்மண் பாதையில் போய்க்கொண்டிருந்தோம். இம்பாலா மான்கள் முப்பது நாற்பது மேய்ந்துகொண்டிருந்தன. மேலே முள்மர உச்சியில் போவே இரண்டு. திடீரென்று குரல் மாறியது. இழுவை இல்லை, குட்டையாக, கடுப்பாக, ஒன்றன்மேல் ஒன்றாக. அத்தனை மான்களும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டன. அத்தான் இஞ்சினை அணைத்தார். புல்லுக்குள் ஏதோ ஒன்று, ஒரு வாலின் நுனி மாதிரி, நகர்ந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. இருபது நிமிடம் காத்திருந்தும் வேறெதுவும் வெளிப்படவில்லை. அது சிறுத்தை என்று அத்தான் இன்றுவரை சத்தியம் செய்கிறார். கீரியாகக்கூட இருக்கலாம் என்பது என் கட்சி. பட்டியலில் அவர் டிக் அடித்துக்கொண்டுவிட்டார்.

துப்பாக்கியோடு காட்டுக்குள் பதுங்கிப் போன வேட்டைக்காரர்கள் அந்தக் காலத்தில் இந்தப் பறவையை எவ்வளவு திட்டியிருப்பார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. குறிபார்க்கும் நேரத்தில் உச்சியிலிருந்து ஊருக்கே தமுக்கு அடித்தால்? கென்யாவில் இதன் வெள்ளை வயிற்றுத் தங்கை ஒன்று இருக்கிறது. அதை வைத்து எம்பாலா ஆராய்ச்சி மையத்தில் ஒரு சோதனை செய்து 2008-இல் வெளியிட்டார்கள். டிக்-டிக் என்று முயலைவிடச் சற்றே பெரிய மான். மந்தையாக வாழாது, ஜோடியாகத்தான் இருக்கும். அதாவது காவலுக்கு நிறையக் கண்கள் கிடையாது; உயரமும் போதாது, புல்லுக்கு மேல் எதுவும் தெரியாது. அதனிடம் போவேத் தங்கையின் அபாயக் குரலைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டார்கள். தலையைத் தூக்கியது, மேய்ச்சலைக் குறைத்தது, ஓடியது. ஆபத்தில்லாத வேறொரு பறவையின் பாட்டைப் போட்டால் அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. தன் இனமும் இல்லை, தனக்காகக் கத்தவும் இல்லை. ஆனாலும் மேல்மாடிக்காரன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு அந்த மான் பிழைத்துக்கொள்கிறது.

கூடு விஷயத்தில் மட்டும் ஒரு குறை சொல்ல வேண்டும். முகாமுக்கு வெளியே ஒரு முள்மரத்தில் காரிலிருந்தே ஒன்றைப் பார்த்தேன். நம்மூர்ப் புறாவுக்குப் போட்டி. நாலு சுள்ளியைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, கட்டி முடித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். கீழே நின்று பார்த்தால் முட்டை தெரியும் அளவுக்கு ஓட்டை. பெரும்பாலும் மூன்று முட்டை. தாயும் தகப்பனும் மாறி மாறி நாலு வாரம்வரை அடைகாக்கிறார்கள். குஞ்சு பறக்கப் பழகும் முன்பே கூட்டைவிட்டு வெளியேறிக் கிளைகளில் தொற்றித் திரிய ஆரம்பித்துவிடுமாம். அந்தக் கூட்டைப் பார்த்த பிறகு அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நானாக இருந்தாலும் முதல் காரியமாக வெளியே வந்திருப்பேன்.

ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வாட்ஸ்அப்பில் கூப்பிடுவாள். இங்கே பத்து மணி, அங்கே ஆறரை. அம்மாவின் கால்வலி, எதிர்வீட்டுக் கல்யாணம், தேங்காய் விலை என்று போய்க்கொண்டிருக்கும். போன வாரம் நடுவில் பின்னாலிருந்து ஒரு “க்வேஏஏ”.

“எலே, இரு இரு. கீரைக்கு மேல வலை கட்டிருக்கேன், வலையையே தூக்குதுங்க” என்று ஃபோனை ஜன்னல் திண்டில் போட்டுவிட்டு ஓடினாள். திரையில் ஜோஹன்னஸ்பர்க் வானம் மட்டும் தெரிந்தது. ஐந்து நிமிடம் அவள் வரவில்லை. ஒருவர், இருவர், மூவர் என்று குரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து, “யாருலே அது, அத்தானா?” என்றாள்.